வெண்கலத்தின் தொண்டை

வீட்டில் வைத்த பேர் ஒன்று அவனுக்கு இருந்தது. அடையாள அட்டையைத் தவிர அதை யாரும் பயன்படுத்தியதில்லை. ஏலக்கூடத்தில் அவன் வெண்கலம். முதலாளி கூப்பிடுவதும் அப்படித்தான், பழைய சாமான் வாங்க வரும் வியாபாரிகள் கூப்பிடுவதும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் அவன் மனைவி, "இது என்ன பேரு? பாத்திரக் கடையிலயா பொறந்தீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு ஒரு நாள் கூடத்துக்கு வந்து அவன் ஏலம் கூவுவதைக் கேட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேரைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

கூடம் என்பது ஒரு பழைய கிடங்கு. மேலே தகரக் கூரை, கீழே சிமெண்டுத் தரை, நடுவில் ஒரு மர மேடை. வீட்டைக் காலி செய்கிறவர்கள், மூடிப்போன அலுவலகங்கள், அப்பா அம்மா போன பிறகு பங்கு பிரிக்க முடியாமல் தவிக்கும் பிள்ளைகள் என்று எல்லோரும் தங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை இங்கே கொண்டுவந்து தள்ளுவார்கள். மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. வேறு கூடங்களில் மழை விடும்வரை ஏலத்தை நிறுத்திவைப்பார்கள். இங்கே நிறுத்தியதில்லை. "மழை அதுபாட்டுக்குப் பெய்யட்டும். அது என்ன விலையா கேட்கப்போகுது?" என்பான் வெண்கலம். கூரையின் சத்தத்துக்கு மேலே அவன் குரல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவன் சாமான் விற்பதைப் பார்க்க என்றே சும்மா வருகிறவர்கள் உண்டு.

"இந்த நாற்காலியில நாலு காலும் சமமில்லைங்க. உள்ளதைச் சொல்லிடறேன். இதுல உட்கார்ந்தவன் தூங்கவே முடியாது. ஆபீசுக்கு எடுத்துட்டுப் போங்க! இந்த அலமாரியைப் பாருங்க. கதவைத் திறந்தா மாமியார் குரல் மாதிரி கிறீச்சுங்கும். மாமியார் இல்லாத வீட்டுக்கு ஆகும், இருக்கற வீட்டுக்கு எண்ணெய் போட்டுத் தரேன். ஒரு தரம்! ரெண்டு தரம்..."

அந்த இரண்டாவது தரத்தை அவன் இழுக்கிற இழுப்பில்தான் தொழிலே இருந்தது. மூச்சு விடாமல், தொண்டையை இறுக்கிப் பிடித்து, குரலைக் கூடத்தின் கடைசிச் சுவர்வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துவான். அந்த நேரத்துக்குள் யாராவது ஒருத்தனுக்கு மனம் தாங்காது. கையைத் தூக்கிவிடுவான்.

கேட்பதிலும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. எல்லோரும் வாய்விட்டு விலை சொல்வதில்லை. ஒருவன் செருமுவான், ஒருவன் செய்தித்தாளை மடிப்பான், ஒருத்தி வளையலை ஒதுக்குவாள். கூட்டத்தின் மூலையில் ஒரு செருப்பு தரையைத் தேய்த்தால்கூட அது யார், எவ்வளவுக்கு வருகிறான் என்று வெண்கலத்துக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் காதெல்லாம் கூடத்து வாசலோடு சரி. அதைத் தாண்டி யார் என்ன சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அவன் மனைவிக்கு நெசவு ஆலையில் வேலை. தறிகள் ஓடும்போது அங்கே காது இருந்து பயனில்லை. வருஷக்கணக்காக அங்கே நிற்கும் பெண்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்வார்கள். சத்தமே வராது, உதடு மட்டும் அசையும்.

"அப்ப முதலாளியைத் திட்டணும்னா அவர் முன்னாடி நின்னே திட்டலாம்னு சொல்லு" என்றான் ஒரு நாள்.

"முன்னாடிதான் திட்டணும். பின்னாடி நின்னா உதடு தெரியாதே" என்றாள்.

ஆலைப் பழக்கமோ என்னவோ, வீட்டிலும் அவள் அளந்துதான் பேசுவாள். வார்த்தையைக் கொட்டினால் அள்ள முடியாது என்று தெரிந்தவள். அவன் கொட்டிக்கொண்டே இருப்பான். தண்ணீர் கேட்பதானாலும் தெருக்கோடிவரை கேட்கும்.

ஒரு நாள் காலை எழுந்தபோது அவன் குரலில் கரகரப்பு இருந்தது. சளி என்று நினைத்தான். சளி போனது, கரகரப்பு போகவில்லை. பேசும்போது நடுவில் நூல் அறுவதுபோல் சத்தம் அறுந்தது. தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து ஓயாமல் கனைத்தான். கனைக்கக் கனைக்க இன்னும் ஒட்டியது. உறைப்பான மிட்டாய்களை வாயில் அடக்கிக்கொண்டு, அந்த எரிச்சலில் குணமாகிறது என்று நம்பினான்.

"டாக்டர்கிட்டப் போய்க் காட்டுங்க" என்றாள் மனைவி.

"சேவலுக்குத் தொண்டை கட்டினா அது டாக்டர்கிட்டயா போகுது?"

"சேவல் விடிகாலையில மட்டும்தான் கூவுது. நீங்க பொழுதன்னிக்கும் கூவறீங்க. சரி, டாக்டர் வேண்டாம். முதலாளி மைக் வாங்கி வச்சிருக்காராமே, அதையாவது பிடிங்க. நடுநடுவுல தண்ணி குடிங்க."

முதலாளி மைக் வாங்கியது உண்மைதான். வெண்கலத்தின் தொண்டைதான் கூடத்தின் மூலதனம் என்பது அவருக்குத் தெரியும். வெண்கலம் அதை ஒரு தரம் தட்டிப் பார்த்தான், ஒரு துணியை எடுத்து மூடி வைத்தான். "இதுல கூப்பிட நான் என்ன பஸ் ஸ்டாண்டா?" என்றான். கூட்டம் சிரித்தது. கூட்டம் சிரித்துவிட்டால் அவனுக்கு அதுதான் நியாயம்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் மறுபடி எடுத்தாள். "சொன்னதுல ஒண்ணையாவது செஞ்சீங்களா?"

"எல்லாத்தையும்தான் கேட்டுக்கிட்டேனே."

"கேட்டுக்கிட்டீங்க. சரி." அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கடைசியில் அவனை மருத்துவமனைக்கு அனுப்பியது மனைவியின் பேச்சு இல்லை. ஒரு வியாபாரியின் பேச்சு. மேடையில் ஒரு சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு "ரெண்டு தரம்" என்று இழுத்தபோது பாதியில் குரல் நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முன் வரிசையில் எப்போதும் கால்மேல் கால் போட்டு உட்காரும் வியாபாரி ஒருவன், தொப்பைக்காரன், சத்தமாகச் சொன்னான்: "அடடா, வெண்கலம் ஈயமாயிடுச்சுப்பா!" கூடமே சிரித்தது. இத்தனை வருஷம் அவனுக்காகச் சிரித்த கூடம்.

மறுநாள் அவனே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போகலாம்" என்று மனைவியிடம் சொன்னான். அவள் உடனே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, திரையில் காட்டினாள். உள்ளே இரண்டு வெள்ளைச் சதைகள், கதவு மாதிரி திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒரு கதவின் ஓரத்தில் சின்னதாக ஒரு முண்டு.

"பயப்படாதீங்க, கெட்ட கட்டி இல்ல. மூட்டை தூக்கறவங்களுக்குக் கை காய்ச்சுப் போகுமில்ல, அந்த மாதிரி உங்களுக்குத் தொண்டை காய்ச்சுப் போயிருக்கு. எடுத்துடலாம். குரல் நல்லாவே திரும்பும். ஆனா எடுக்கறது என் வேலை, ஆற வைக்கறது உங்க வேலை."

"என்ன செய்யணும்?" என்று கேட்டது மனைவி.

"ஒண்ணும் செய்யக் கூடாது, அதுதான் கஷ்டம். நான் சொல்றவரைக்கும் பேசக் கூடாது. கனைக்கக் கூடாது. முக்கியமா, ரகசியக் குரல்ல பேசக் கூடாது. எல்லாரும் இங்கதான் கோட்டை விடுவாங்க. பேசாதேன்னா கிசுகிசுக்க ஆரம்பிச்சுடுவாங்க. அது பேசறதைவிட மோசம். புண்ணை நகத்தால சுரண்டற மாதிரி."

வெண்கலம் வேகமாகத் தலையாட்டினான். பேரம் சீக்கிரம் முடியட்டும் என்று ஆட்டுகிற தலை அது. மனைவி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். தும்மல் வந்தால்? இருமல் வந்தால்? தூக்கத்தில் உளறினால்?

"தூக்கத்துல உளறினா நான் என்னம்மா செய்யட்டும்?" என்று டாக்டரம்மா சிரித்தாள். "வாயைத் திறக்காம சிரிக்கச் சொல்லிக்குடுங்க, போதும்."

அறுவை நல்லபடியாக நடந்தது. வீட்டுக்கு வந்த முதல் நாள் மனைவி அவன் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு உதடு படிக்கத் தெரியும். நீங்க எதுவும் எழுத வேண்டாம், சைகை காட்ட வேண்டாம். உதட்டை மட்டும் அசைங்க. காத்து வரக் கூடாது, மூச்சைப் பிடிச்சுக்குங்க. அவசரப்படாதீங்க, ஒவ்வொரு சொல்லா."

அவன் முதலில் வெட்கப்பட்டான். கண்ணாடி முன் நிற்கிற நடிகன் மாதிரி இருந்தது அவனுக்கு. பிறகு மெல்ல உதட்டை அசைத்தான்.

"டீ வேணுமா? சர்க்கரை குறைச்சலா? சரி."

அவன் கண்கள் விரிந்தன. மறுபடி ஏதோ சொன்னான். அவள் முகம் சிவந்து, "இந்த வயசுல இது ஒரு கேடு" என்று சொல்லிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். திரும்பி வரும்போதும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

அந்தச் சில நாட்கள் அந்த வீட்டில் நல்ல நாட்கள். சத்தமில்லாமல் பேச அவன் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அவளும் அவன் முகத்தைப் பார்த்தாள். ஆலையில் அவளோடு நிற்கும் பெண்களின் கதைகளை அப்போதுதான் முதல் முறையாக முழுசாகக் கேட்டான். குறுக்கே பேச முடியாதே, வேறு வழியில்லை. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவள் சொல்லவில்லை, அது நல்ல நினைப்பு இல்லை என்று விட்டுவிட்டாள்.

அவனுக்கோ கூடத்து நினைப்பு. மைக்கைப் பிடித்துக்கொண்டு முதலாளியே ஏலம் விடுகிறாராம். கூடத்தில் சாமான் தூக்கிக் காட்டுகிற கூட்டாளி ஒருவன் இருந்தான். ஆள் குட்டை, ஆனால் தேக்கு மேசையைத் தனியாகத் தூக்குவான், அதனால் பேரே மேசை. அவன் போனில் கூப்பிட்டுப் புலம்பினான். "முதலாளி ஏலம் விடறாரா, இரங்கல் செய்தி படிக்கறாரான்னு தெரியலய்யா. பெரிய நிலைக்கண்ணாடி ஒண்ணு வந்திருக்கு, வாரக் கடைசியில ஏலத்துக்கு எடுக்கறோம். எப்பக் காட்டறது, முதல்லயா, கடைசியிலயா?"

போனில் உதட்டை எப்படிக் காட்டுவது? வெண்கலம் சுற்றும் முற்றும் பார்த்தான். மனைவி ஆலைக்குப் போயிருந்தாள். ரகசியக் குரல்தானே, தொண்டையில் படாமல் வெறும் காற்றுதானே என்று அவனே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். டாக்டரம்மா சொன்னது அவனுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. அது மற்றவர்களுக்குச் சொன்னது, தன் தொண்டை அப்படிப்பட்ட தொண்டை இல்லை என்று நினைத்தான். "கடைசியில எடு" என்று கிசுகிசுத்தான். "கூட்டம் சேரட்டும். வெளிச்சம் படற மாதிரி நிறுத்து." ஒன்றும் ஆகவில்லை. வலிக்கவில்லை. மறுநாளும் மேசை கூப்பிட்டான். அதற்கு மறுநாள் வெண்கலமே கூப்பிட்டான்.

ஆலையில் தறி பழுதாகி மனைவி சீக்கிரம் திரும்பிய நாளில் பிடிபட்டான். போனைக் கையால் பொத்தியபடி புஸ் புஸ் என்று பேசிக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் திருடன் மாதிரி எழுந்து நின்றான்.

"எத்தனை நாளா?" என்றாள்.

இல்லை என்று கையை ஆட்டினான். அவள் அசையாமல் நின்றாள். அந்தப் பார்வை தாங்காமல் அவனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் கிசுகிசுப்பாகவே கொட்டினான்.

"நான் என்ன ஊமையா? பெரிய வைத்தியர் மாதிரி நீ வேற! சாமானெல்லாம் அடிமாட்டு விலைக்குப் போகுது அங்க!"

"பேசாதீங்க."

"காத்துதான்டி, வெறும் காத்து!"

"ஐயோ, பேசாதீங்க. உதடு போதும். எனக்குப் புரியும், உதடு போதும்."

"எப்பப் பாரு புத்தி சொல்றது! கல்யாணம் ஆன நாளா புத்தி!"

கழுத்து நரம்பு புடைக்க அவன் கிசுகிசுக்க, அவள் காதைப் பொத்திக்கொண்டாள். வெளியிலிருந்து பார்த்தால் யாரும் சண்டை என்றே சொல்லியிருக்க மாட்டார்கள். ஏதோ ரகசியம் பேசிக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவள் எதிர்ப்பேச்சு ஒன்று பேசினால் அவன் ஒன்பது பேசுவான் என்று அவளுக்குப் புரிந்தது. பேச்சை நிறுத்தினாள். உள்ளே போய் ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்தாள்.

"அக்கா வீட்டுக்குப் போறேன். கோபத்துல போகல, நல்லாக் கேட்டுக்குங்க. நான் இங்க இருந்தா நீங்க பேசுவீங்க. பேச ஆளில்லாத வீடுதான் இப்ப உங்களுக்கு மருந்து. சாப்பாடு பக்கத்து வீட்டுல குடுப்பாங்க. இந்தப் போனையும் எடுத்துட்டுப் போறேன்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள். "டாக்டரம்மா சொன்ன கெடு முடியற வரைக்கும் கூடத்துப் பக்கம் போகாதீங்க. இது ஒண்ணாவது."

அவன் தலையாட்டினான்.

இரண்டு நாள் அடங்கியிருந்தான், அது அவனுக்குப் பெரிய காரியம். கட்டிலில் படுத்தான், ஜன்னலைத் துடைத்தான், சுவரில் பல்லி நகர்வதைப் பார்த்தான். நிலைக்கண்ணாடி ஏலம் போகும் நாள் வந்தது. சும்மா பார்த்துவிட்டு வரலாம், வாயையே திறக்க வேண்டாம், பின்னால் ஒரு ஓரமாக நின்றால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கிளம்பினான். வாயில் ஒரு கைக்குட்டையைக்கூடக் கட்டிக்கொண்டான், தன்மேல் தனக்கே நம்பிக்கை இல்லாதவன் போல.

கூடத்தில் பாதிக் கூட்டம்தான் இருந்தது. மேடையில் அந்தக் கண்ணாடி ஆளுயரத்துக்கு, கருமரச் சட்டத்தில் கொடிகள் செதுக்கி, கூரை ஓட்டையிலிருந்து விழுந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் முதலாளி மைக்கை வாய்க்குள் விட்டுக்கொள்வதுபோல் பிடித்திருந்தார். "கண்ணாடி... நிலைக்கண்ணாடி... நல்ல கண்ணாடி... யாராவது..." மைக் கிறீச்சிட்டது. முன் வரிசையில் தொப்பைக்காரன் கால்மேல் கால் போட்டிருந்தான். அவன் ஒரு சொத்தை விலை சொன்னான். அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை.

யாரும் இல்லை என்பது முதலாளிக்கு. வலது ஓரத்தில் ஒரு பெண் தன் முந்தானை நுனியை விரலில் சுற்றி அவிழ்த்ததை வெண்கலம் பார்த்தான். கேட்க நினைத்துத் தயங்குகிறவள். ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடுவாள்.

"ஒரு தரம், ரெண்டு தரம்" என்று முதலாளி இரண்டையும் ஒரே மூச்சில் விழுங்கினார். தொப்பைக்காரன் எழுந்திருக்கத் தயாராகி வேட்டியைச் சரிசெய்தான்.

"நில்லுங்க!"

யார் கத்தியது என்று கூடம் முழுக்கத் திரும்பியது. வெண்கலத்துக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. கைக்குட்டை கழுத்துக்கு இறங்கியிருந்தது. குரல் மணி அடித்ததுபோல் இருந்தது, கரகரப்பு இல்லை, பிசிறு இல்லை. இருபது வயதில் இருந்த குரல்.

அப்புறம் அவனை யார் நிறுத்துவது? மேடைக்குத் தாவினான். "இந்தக் கண்ணாடியில பாருங்கம்மா! இதுல பார்த்தா கொஞ்சம் இளைச்சுத் தெரிவீங்க. பொய்னா திருப்பிக் கொண்டாங்க. அய்யா முன் வரிசை, நீங்களும் வந்து பாருங்க, உங்களுக்கு இது ரொம்ப அவசியம்!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முந்தானைக்காரி கையைத் தூக்கினாள். தொப்பைக்காரனும் ரோஷத்தில் தூக்கினான். வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். "ரெண்டு தரம்" என்று அவன் இழுத்தான். இழுத்துக்கொண்டே போனான். குரல் கடைசிச் சுவரைத் தொட்டு, அங்கேயே நின்றது.

கண்ணாடியோடு விடவில்லை. மிச்சமிருந்த சாமானையெல்லாம் விற்றுத் தீர்த்தான். முதலாளி அவனைக் கட்டிப்பிடித்தார். "யோவ், உனக்கு என்னய்யா கேடு? தங்கம் மாதிரி இருக்கு!" தொப்பைக்காரனே வந்து கையைக் குலுக்கினான். "தப்பாச் சொல்லிட்டேன்யா. வெண்கலம் வெண்கலம்தான்." மேசை மட்டும் சாமான்களை அடுக்கிக்கொண்டே, "சொல்லிட்டாங்களா, பேசலாம்னு?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல வெண்கலத்துக்கு நேரம் இருக்கவில்லை.

நேரே மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனான். வழி முழுக்க, என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். யாரோடும் பேசவில்லை. இந்தக் குரலை முதலில் அவள்தான் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு வாயடைத்துப் போக வேண்டும் என்று நினைத்தான். கதவைத் தட்டினான். அவளே வந்து திறந்தாள்.

அவன் வாயைத் திறந்து சொன்னான். காற்றுதான் வந்தது. கிசுகிசுப்பு அளவுக்குக்கூட இல்லை. துருத்தியின் ஓட்டையில் போகிற காற்று. அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னான், மறுபடியும் காற்று.

அவள் அவன் உதட்டைப் படித்துவிட்டாள். "கேளு, குரல் வந்துடுச்சு" என்று அந்த உதடு சொல்லிக்கொண்டிருந்தது.

திரையில் டாக்டரம்மா காட்டியபோது ஒரு கதவு மட்டும் அசைந்தது. இன்னொன்று வெந்த தோல் மாதிரி விறைத்துக் கிடந்தது. "ஆறாத புண்ணு கிழிஞ்சு, தழும்பாகப் போகுது. இதுல இனி கத்தி வைக்க முடியாது. வச்சா மூச்சுக்கே ஆபத்து." திரையை அணைத்துவிட்டு, "நான் அன்னைக்குத் தெளிவாச் சொல்லலையோ?" என்று கேட்டாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

"தெளிவாத்தான் சொன்னீங்க" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு வெண்கலத்தைப் போல் சொன்னபடி கேட்கிறவன் கிடையாது. டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணீரில் உறிஞ்சு குழாயை வைத்து, குமிழி வரும்படி மெல்ல ஊதச் சொன்னாள். ஊதினான். காரத்தை விடச் சொன்னாள், விட்டான். நிமிர்ந்து உட்காரச் சொன்னாள், தூங்கும் நேரம் தவிர நிமிர்ந்தே இருந்தான். சின்ன வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளை மாதிரி, அவள் வாயிலிருந்து வருவதை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டான்.

டாக்டரம்மா சொன்னதை மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. எல்லோரும் சொன்னதைக் கேட்டான். பக்கத்து வீட்டுக்காரர் வெந்நீர் என்றார், எதிர் வீட்டுக்காரர் பச்சைத் தண்ணீர் என்றார், இரண்டையும் குடித்தான். வெறும் பானைக்குள் தலையை விட்டு முனகினால் குரல் எதிரொலித்துத் திரும்பும் என்று யாரோ சொன்னார்கள். பானை வாங்கினான். இத்தனை காலம் யார் பேச்சையும் கேட்டுப் பழகாதவனுக்கு, எது நெல், எது பதர் என்று பிரிக்கத் தெரியவில்லை. சொல் என்று வந்தால் போதும், கும்பிட்டு வாங்கிக்கொண்டான்.

"காலையில எழுந்ததும் நல்லா அடித்தொண்டையிலேருந்து கனைச்சுத் துப்பணும், அடைப்பு போயிடும்" என்று ஒருத்தர் சொன்னதையும் நாள் தவறாமல் செய்தான். அந்த நாட்களில் மனைவிக்கு விடிகாலை ஷிப்டு, அவன் எழும்போது ஆலையில் இருப்பாள். கழுவு தொட்டியில் சிவப்பாக ஒரு இழையை அவள் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"கனைக்கக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னாங்களே" என்றாள்.

அவன் உதட்டை அசைத்தான். *ஒருத்தர் செய்யச் சொன்னாரே.*

அவள் அவனையே பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை. முகத்தில் களங்கமே இல்லை. சொன்னதைச் செய்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருக்கும் முகம். கேட்க மாட்டேன் என்று நின்றவனோடு சண்டையாவது போட முடிந்தது. அந்தப் பானையை எடுத்துப் பரணில் போட்டாள். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

கொஞ்ச காலம் போனதும், "இனிமே அடிக்கடி வர வேண்டாம். வந்து செய்யறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல" என்று டாக்டரம்மா சொன்னாள். கடுமையாகச் சொல்லவில்லை. "ஊதறதுகூட இனி அவசியம் இல்ல."

கூடத்தில் புதிதாக ஒருவன் வந்திருந்தான். மைக்கைப் பிடித்து, காதில் ஏதோ மாட்டிக்கொண்டு, மேடையில் உலாத்திக்கொண்டே ஏலம் விடுகிறானாம். நன்றாகவே விடுகிறான் என்று மேசை சொன்னான், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்: வெண்கலம் வேண்டுமானால் மேசையோடு சேர்ந்து சாமான் தூக்கிக் காட்டலாம், வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது மேல், மேடையிலேயே நிற்கலாம். நல்ல மனதோடுதான் சொல்லி அனுப்பினார்.

அந்தச் செய்தியை மடியில் கட்டிக்கொண்டு மூன்று நாள் சுற்றினான். போனால், அந்த மேடையில் வாய் மூடிக்கொண்டு நாற்காலியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். போகாவிட்டால், இந்த நான்கு சுவர். முன்பானால் அவனே ஒரு முடிவெடுத்து, யார் தடுத்தாலும் தள்ளிவிட்டுப் போயிருப்பான். இப்போது அவனால் முடியவில்லை. மனைவி ஆலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் எதிரே போய் நின்றான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு துளிக் காற்று வராமல், அவள் அன்று சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்தான்.

*கூடத்துக்குப் போகட்டுமா, வேண்டாமா? நீ சொல்லு.*

அவள் தலைமுடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்தாள்.

"உங்க இஷ்டம்."

*இல்ல. நீ சொல்லு. நீ என்ன சொன்னாலும் செய்யறேன்.*

"செய்வீங்க. அது எனக்குத் தெரியுது."

*அப்புறம் என்ன?*

"எனக்குத் தெரியலைங்க." அவள் குரல் எப்போதும்போல் சின்னதாகவே இருந்தது. "அன்னைக்கெல்லாம் தெரிஞ்சுது. தண்ணி குடிங்க, மைக்கைப் பிடிங்க, பேசாம இருங்கன்னு என்னென்னவோ தெரிஞ்சுது. இப்ப போங்கன்னா அங்க சாவீங்க, போகாதீங்கன்னா இங்க சாவீங்க. இதுல நான் எதைச் சொல்ல?"

அவன் அவள் கையைப் பிடித்தான். ஏதாவது ஒன்று, திட்டாவது, சொல்லமாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்தான். அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, "வேலைக்கு நேரமாச்சு, தட்டுல மூடி வச்சிருக்கேன், சாப்பிடுங்க" என்றாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. கேட்பதற்கு இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று அவன் கதவோரத்திலேயே நின்றான்.

பிறகு தட்டைத் திறந்து சாப்பிட்டான். கையைக் கழுவினான். சட்டையை மாட்டிக்கொண்டு, கூடத்துக்குப் போகிற தெருவில் நடந்தான். போகாதே என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.